உறைக்குள் உறை

லம்துவானின் ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. குழுவின் உடுப்பு வேனில்தான் போனோம். இருக்கைகளைக் கழற்றிவிட்டு உடைப் பெட்டிகள் ஏற்றும் வண்டி அது. பெட்டிகளின் மேல் உட்கார்ந்து வந்ததில் எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கரும்பு லாரி மோதிச் செத்தவளைப் பார்க்கப் போகும் வழியெல்லாம் கரும்புக் காடு. 

வாசலில் தகரப் பந்தல். அதன் கீழ் ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஒட்டரிசியை மூங்கில் கூடைகளில் அள்ளிவைத்து, கொத்திய இறைச்சியில் வறுத்த அரிசிப் பொடி தூவிக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டிக்கு முன்னால் வைத்திருந்த படத்தைப் பார்த்து கன்னிகா நின்றுவிட்டாள்.

பள்ளிச் சீருடையில், ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு பையன். கீழே ‘உதோம்’ என்று எழுதியிருந்தது.

“வீடு மாறி வந்துட்டோமா?” என்று என் காதில் கேட்டாள்.

மாறவில்லை. பெட்டிக்குள் இருந்தவள், மூங்கில் குழலுக்குப் பாடும் எங்கள் மோலம் பாட்டுக் குழுவின் முதல் பாடகி லம்துவான். கோன் கேன் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெயரைத் தெரியாத திருவிழாக் கூட்டம் இல்லை. திருநங்கை. கன்னிகாவும் திருநங்கைதான். ஆட்டக்காரிகளின் வரிசையில் சேர்ந்து, லம்துவானோடு ஒரே அறையில் இருந்து, பின்பாட்டுக்கு வந்தவள். நான் ஜும். குழுவின் உடுப்பும் காலர் மைக்கும் என் பொறுப்பு. நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டவள். இரவு வார்டு எனக்கு ஒத்துவரவில்லை.

லம்துவானின் அப்பா கம்பூன் பெட்டியருகே கைகட்டி நின்றார். மகளின் இடுப்பு வரை இருந்த முடியை வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, பித்தான்களைக் கழுத்து வரை பூட்டியிருந்தார். சட்டை மார்பில் தட்டையாகக் கிடந்தது.

அதைக் கவனித்தது நான் மட்டும்தான் என்று நினைத்தேன்.

“எங்கடி போச்சு?” என்றாள் கன்னிகா.

சற்று நேரத்தில் பிணம் பார்க்கும் ஆள் எங்களைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார். மீன் சாறு வாங்கிவரும் வாளி ஒன்று, அதற்குள் ஒரு நெகிழிப் பை. பைக்குள் இரண்டு சிலிகான் உருண்டைகள், கழுவிச் சுத்தமாக, கண்ணாடி நுங்கு மாதிரி.

“பெரியவர்தான் எடுக்கச் சொன்னார். இதோட நெருப்புல போனா எலும்பெல்லாம் சாம்பல் பூத்துப்போகும், மறுநாள் பொறுக்கறவங்க முகம் சுளிப்பாங்க. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும்.”

“நான் பெத்தது பையன், பையனாத்தான் போவான்னு சொல்லியிருப்பார்” என்றாள் கன்னிகா.

“அதேதான்.”

“எடுக்கறதுக்குக் கஷ்டமா இருந்துச்சா?” என்று கேட்டேன். பழைய படிப்பு அப்படித்தான் கேட்கவைக்கும்.

“கஷ்டமில்ல. சுத்தி ஒரு பை மாதிரி இருந்துச்சு. முட்டை ஓட்டுக்கு உள்பக்கம் தோலு இருக்கும்ல, அது மாதிரி. ஆனா கெட்டி. அங்கங்க சுண்ணாம்பு அப்பின மாதிரி வெள்ளை. தட்டினா சத்தம் வருது. கீறினதும் இது வழுக்கிட்டு வந்துருச்சு. பை உள்ளயேதான் இருக்கு. அது நெஞ்சோட நெஞ்சா ஒட்டிருச்சு, பிரிக்க முடியல.”

அந்தப் பை என்னவென்று எனக்குத் தெரியும். உடம்புக்குள் வேற்றுப் பொருள் ஒன்று வந்தால், உடம்பு முதலில் அதைத் தின்னப் பார்க்கும். சின்ன உயிரணுக்கள் வந்து மொய்க்கும். முடியாவிட்டால் பல சேர்ந்து ஒன்றாகிப் பெரிய வாயாகத் திறக்கும். சிலிகானை எந்த வாயாலும் தின்ன முடியாது. துப்பவும் வழியில்லை. அப்போது உடம்பு தழும்புச் சதையால் அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். நிலத்தில் நாம் வீடு கட்டினால், அந்த நிலத்துக்கு முன்பே சொந்தமான காவல் ஆவிக்கு முற்றத்தில் ஒரு சின்ன வீடு வைத்து, சிவப்பு சோடாவில் ஸ்ட்ரா போட்டுக் கொடுக்கிறோம் இல்லையா, அதே யோசனைதான். துரத்த முடியாதவரை ஒரு வீட்டில் உட்காரவைப்பது.

பலருக்கு அந்த உறை மெல்லியதாக நின்றுவிடும். சிலருக்கு நிற்காது. சுருங்கிக்கொண்டே போகும். உள்ளே இருப்பதை இறுக்கும்.

கன்னிகா பையை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இது என்னுது. அவதான் சொன்னா.”

சொன்னது உண்மை. மேடைக்குப் போகுமுன் கன்னிகாவின் சட்டைக்குள் பஞ்சு திணிக்கும்போதெல்லாம் லம்துவான் சொல்வாள், “நான் செத்தா இது ரெண்டும் உனக்குத்தான்டி. வீணாக்கிடாத. மண்ணு தின்னாது, நெருப்பும் தின்னாது, நீயாவது வச்சுக்க.” எல்லோரும் சிரிப்போம். லம்துவான்தான் அதிகம் சிரிப்பாள்.

செத்தவர் பொருளை எடுக்கும்போது சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். ஊதுபத்தி கொளுத்தி, பெயர் சொல்லி, எடுக்கட்டுமா என்று கேட்டு, பத்தி எரிந்து தீரும்வரை காத்திருக்க வேண்டும். பத்தி பாதியில் அணைந்தால் எடுக்கக் கூடாது. இது தெரியாமல் எங்கள் பக்கம் யாரும் வளர்வதில்லை.

கன்னிகா பெட்டி முன் மண்டியிட்டுப் பத்தி கொளுத்தினாள். கம்பூன் ஒரு கை தூரத்தில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னிகா ஒருமுறை அவரைப் பார்த்தாள், ஒருமுறை படத்தைப் பார்த்தாள். பிறகு முணுமுணுத்தாள்.

“உதோம், எடுத்துக்கட்டுமா?”

பத்தி கடைசிவரை எரிந்தது. சாம்பல்கூட உதிராமல் வளைந்து நின்றது. நல்ல சகுனம் என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள்.

மறுக்க அங்கே யாரும் இல்லை. உதோம் என்று கூப்பிட்டால் லம்துவான் எந்தக் காலத்திலும் திரும்பிப் பார்த்ததில்லை.

*

பை டாக்டர் என்பவள் டாக்டர் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்து ஊசி போடுகிறவள், மூக்கு நிமிர்த்துகிறவள். கன்னிகாவுக்கு வைக்கும் முன் அவள் அந்த இரண்டையும் சோறு வேகும் குக்கரில் வேகவைத்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இன்னொரு உடம்பில் இருந்ததைத் திரும்ப வைக்கக் கூடாது, கழுவினாலும் கிருமி ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், சீழ் பிடித்தால் செத்துப்போவாய் என்றேன்.

“செத்தா உனக்குத் தரேன்” என்றாள் கன்னிகா.

சீழ் பிடிக்கவில்லை. தையல் அழகாக ஆறியது. அந்த வருடம் அவள் பின்பாட்டிலிருந்து முன்னால் வந்தாள். சனங்கள் அவளைப் பார்த்து விசிலடித்தார்கள். சிலர் இருட்டில், தூரத்திலிருந்து, லம்துவான் என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்த மழைக்காலம் வந்தது. பிக்குகள் மடத்தை விட்டு வெளியே போகாத மாதங்கள் எங்களுக்கு ஒத்திகை மாதங்கள். தகரக் கொட்டகையில் மழைச் சத்தத்துக்கு மேலே பாட வேண்டும். துறவுக் காலம் முடிந்து நடக்கும் முதல் மேடைக்கு கன்னிகாதான் முதல் பாடகி என்று முதலாளியம்மா அறிவித்துவிட்டார். கன்னிகா அன்றைக்கு அழுதாள். அவளுடைய வாழ்நாளில் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வாரமே இடது பக்கம் கல்லாக ஆரம்பித்தது.

முதலில் தொட்டால் பச்சைத் தேங்காய் மாதிரி இருந்தது. பிறகு மேலே ஏறியது. ரவிக்கையின் இடது கிண்ணத்தை நான் இரண்டுமுறை பிரித்துத் தைத்தேன். உள்ளிருந்து யாரோ கையால் பிடித்து இறுக்குவது போல இருக்கிறது என்றாள். நீண்ட வரி பாடும்போது மூச்சு பாதியில் நின்றது. மோலத்தில் மூச்சு போனால் பாட்டு போயிற்று. மூங்கில் குழல் நிற்காது, பாடுகிறவளும் நிற்கக் கூடாது.

இவ்வளவும் எனக்குப் புரிந்தது. உறை சுருங்குகிறது. அவ்வளவுதான்.

புரியாதது வேறு. சிலிகானுக்கு ரத்தம் கிடையாது. மழையில் நனைந்தால் அந்த இடம் சீக்கிரம் குளிர்ந்து, நேரம் கழித்துத்தான் சூடேறும். லம்துவானே சொல்லியிருக்கிறாள், பனிக்காலத்தில் ரெண்டு ஐஸ் கட்டியைச் சுமப்பது போல என்று. கன்னிகாவுக்கு ஒருநாள் நனைந்து நடுங்கி உதடு நீலம் பாய்ந்திருந்தது. துண்டால் துவட்டிவிட்டேன். கை, கழுத்து, முதுகு எல்லாம் சில்லென்று இருந்தன.

இடது பக்கம் மட்டும் சூடாக இருந்தது.

காய்ச்சல் சூடு இல்லை. யாரோ படுத்து எழுந்த பாயில் இருக்கும் சூடு.

அதோடு ஒரு வாசனை. லம்துவான் மேடைக்கு முன் கழுத்தில் கொட்டிக்கொள்ளும் கற்பூரக் குளிர் பவுடர். டப்பாவை நான்தான் அவள் பெட்டியோடு எரிக்கக் கொடுத்தேன்.

ஒலிப்பெட்டி பார்க்கும் கெங் மறுநாள் ஒத்திகையை நிறுத்தினான்.

“ஏய் கன்னிகா, மூச்ச ரெண்டு ரெண்டா விடாதடி. மைக்கு எல்லாத்தையும் வாங்குது.”

“ஒரு தடவதான்டா விட்டேன்.”

“அப்ப இன்னொண்ண யார் விடுறா, உன் மாமியாரா?”

ஆட்டக்காரிகள் சிரித்தார்கள். கெங் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னான். இரண்டாவது வரியில் காதுக் கருவியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

மாட்டிக்கொண்டேன். மழை, கன்னிகாவின் குரல், ரவிக்கை உரசல். வரியின் நடுவில், ஒரு சொல்லைப் பாதியாக உடைத்து, ஒரு மூச்சு. கன்னிகா அங்கே மூச்சு எடுப்பதில்லை. அந்த இடத்தில் மூச்சு எடுப்பது லம்துவானின் கெட்ட பழக்கம். கடைசிவரை அதைத் திருத்திக்கொள்ளவேயில்லை.

“கன்னிகா, மூச்சப் பிடி” என்றேன்.

பிடித்தாள். கன்னம் உப்பி, கண் விரிய, அசையாமல் நின்றாள்.

காதுக்குள் மூச்சு தொடர்ந்தது.

மெல்ல.

நிதானமாக.

மேடை ஏறுமுன் திரைக்குப் பின்னால் காத்திருப்பவளைப் போல.

*

“யார் வச்சது இது?” என்று கேட்டார் டாக்டர் ஒராசா. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி அது. கன்னிகா தரையைப் பார்த்தாள்.

“பை டாக்டரா?”

தலையாட்டினாள்.

“உயிரோட வந்திருக்கியே, அதுவே பெரிசு. எப்ப?”

“போன மழைக்கு.”

“ஒரு வருஷத்துக்குள்ள இவ்வளவு இறுகிருச்சா? கிருமி இருக்கும். ரெண்டையும் எடுத்துடுவோம், உறையோட சேத்து.”

“டாக்டர், அது ஒருத்தர் குடுத்தது.”

“உனக்கு மூச்சு வேணுமா, அது வேணுமா?”

கன்னிகா இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “பாடணும்” என்றாள்.

அறுவை முடிந்து அவள் மயக்கத்தில் இருந்தபோது டாக்டர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். நான் நர்ஸ் படித்தவள் என்று கன்னிகா உளறியிருக்கிறாள். எஃகுத் தட்டில் இளஞ்சிவப்பாக ஓர் உறை, ஆரஞ்சுப் பழத் தோல் போல விரித்து வைத்திருந்தது. அது புதியது, ஈரமானது. அதற்குள் இன்னோர் உறை.

“ரெண்டு உறை வர்றது உண்டு” என்றார் டாக்டர். “மேல்பரப்பு சொரசொரப்பா இருந்தா ஒண்ணு ஒட்டிக்கும், அதச் சுத்தி இன்னொண்ணு வளரும். அது எனக்குப் பிரச்சனை இல்ல. இதக் கேளு.”

இடுக்கியால் உள் உறையைத் தட்டினார். ஓட்டில் தட்டுவது போலச் சத்தம் வந்தது.

“சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. இப்படிப் படிய பத்து வருஷத்துக்கு மேல ஆகும். வெளி உறை ஒரு வருஷம்தான், பாத்தாலே தெரியுது. உள்ள இருக்கறது பழசு. உன் ஃப்ரெண்டு பொய் சொல்றாளா?”

“இல்ல டாக்டர்.”

“வச்சப்போ அதுல சதை ஏதாவது ஒட்டியிருந்துச்சா?”

“இல்ல. வழவழன்னு இருந்துச்சு. நான் பாத்தேன்.”

“அப்ப இந்த உறை யாரோடது?”

கன்னிகா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் லம்துவான் வைத்துக்கொண்டவை அவை. முட்டைத் தோல் மாதிரி, அங்கங்கே வெள்ளை, தட்டினால் சத்தம். நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டியிருந்ததால் பிரிக்கவில்லை என்று பிணம் பார்த்த ஆள் சொன்னார். அது பெட்டியோடு உலைக்குள் போனது. புகை மேலே போனதை நான் நின்று பார்த்தேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றப் போனார். நான் தட்டின் விளிம்பைத் தொட்டேன். எஃகு சில்லென்று இருந்தது. அந்த அறையில் ஏசி அப்படி.

பிறகு விரல் நுனியால் உள் உறையைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி உலையில் போட்டு எரித்தார்கள். லம்துவான் எரிந்தது அது இரண்டாவது தடவை.

*

கன்னிகா தேறினாள். மார்பு தட்டையாகி, இரண்டு தழும்புகள் மட்டும் மிஞ்சின. மறுபடி பஞ்சு திணித்தேன். கொட்டகைக்கு வந்து பாடிய முதல் நாள் நீண்ட வரியை ஒரே மூச்சில் இழுத்தாள். குழல்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் கெங்கைப் பார்த்தேன். அவன் ஒரு விரலைக் காட்டினான். ஒரே மூச்சு.

மேடைக்குச் சில நாட்களே இருந்தபோது, ஒரு மதியம், மழைக்கோட்டோடு மோட்டார் சைக்கிளில் கம்பூன் வந்தார். கொட்டகைக்குள் ஏறாமல் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

“உங்க ஆளு ஒருத்தி எங்க வீட்டுக்கு வர்றா” என்றார். “வரக் கூடாதுன்னு சொல்லி வைங்க.”

“எங்க ஆளுங்க எல்லாரும் இங்கதானேப்பா இருக்கோம்” என்றாள் கன்னிகா.

“விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து கதவத் தட்டுறா. யாருன்னு கேட்டா அந்தப் பேரச் சொல்றா. அப்படி யாரும் இந்த வீட்டுல இல்லன்னு சொல்லிடறேன். போயிடறா. மறுநாளும் வர்றா.”

“கதவத் திறந்து பாத்தீங்களா?”

அவர் மழைக்கோட்டின் நுனியைப் பிழிந்தார்.

“எப்பலேருந்து?” என்று நான் கேட்டேன்.

அவர் சொன்ன நாள், கன்னிகா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாள்.

கன்னிகாவின் கை தானாகத் தன் இடது பக்கத்துக்குப் போனது. “அவளுக்கு வேற வீடு இல்லப்பா” என்றாள் மெதுவாக. “மடத்துச் சுவத்துல எலும்பு வச்ச எடத்துல அந்தப் பையன் பேரப் போட்டுட்டீங்க. என்கிட்ட இருந்தா. நானும் அறுத்துத் தூக்கிப் போட்டுட்டேன். உங்ககிட்டதானே வருவா. உள்ள கூப்பிடுங்க.”

“எனக்கு இருந்தது ஒரு பையன். அவன எரிச்சாச்சு.”

“அப்ப ஏன் பயப்படுறீங்க?”

கிழவர் தன் மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு தடவ வந்து கூட்டிட்டுப் போயிடுங்க” என்றார். கெஞ்சல் மாதிரிதான் இருந்தது.

அவர் வீட்டுக்குப் போகும் வழியில் கன்னிகா என்னிடம் சொன்னாள். “பெட்டி முன்னாடி நான் அவ பேரச் சொல்லலடி. கிழவன் முறைச்சான். அந்தப் பேரச் சொல்லிட்டேன். அவகிட்ட நான் கேக்கவேயில்ல.”

“தெரியும். நானும் பக்கத்துலதான் இருந்தேன்” என்றேன்.

*

வீட்டு முற்றத்தில் கம்பத்தின் மேல் நின்ற சின்ன வீட்டுக்கு முன்னால் சிவப்பு சோடா புதிதாக இருந்தது. நிலத்துக்காரருக்குத் தவறாமல் வைக்கிறார் கம்பூன். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு மூவரும் பாயில் உட்கார்ந்தோம். சுவரில் அந்தச் சீருடைப் பையன். பல்லி கத்தியது. மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டுவது நின்று, தவளைகள் ஆரம்பித்தன.

வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தபோது தவளைகள் நின்றன.

மரப்படி ஒன்று முனகியது.

அடுத்த படி.

கதவில் ஒரு தட்டு. பிறகு நகத்தால் ஒரு கீறல், மேலிருந்து கீழாக.

 உடை மாற்றும் அறைக் கதவை லம்துவான் அப்படித்தான் தட்டுவாள். தட்டு, கீறல். உள்ளே யார் எந்தக் கோலத்தில் இருந்தாலும் உடனே திறந்துவிடுவோம்.

“யாரு?” என்றார் கம்பூன். பழகிய குரல். எத்தனையோ நாள் கேட்டுச் சலித்த குரல்.

“லம்…”

நடுவில் ஒரு மூச்சு.

“…துவான்.”

“அப்படி யாரும் இங்க இல்ல.”

குளிர் பவுடர் வாசனை கதவிடுக்கில் வந்தது.

கன்னிகா அவர் கையைப் பிடித்தாள். “ஒரே ஒரு தடவ கூப்பிடுங்கப்பா. பேரச் சொன்னாப் போதும். நீங்க பெத்த புள்ளதானே.”

கம்பூன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். வாய் திறந்தது. கழுத்து நரம்பு எழுந்தது. ஒன்றும் வரவில்லை. கதவுக்கு வெளியே யாரோ சற்று நின்றார்கள். பிறகு படி முனகியது. கீழ்ப் படி முனகியது.

கன்னிகா எழுந்தாள். எதற்கு எழுகிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

“வேணாம்டி. முதல் மேடை இருக்கு. மூச்சு போயிடும், பாட்டு போயிடும். திரும்ப ஒருத்தி உனக்கு அறுத்துக் கொடுக்க மாட்டா.”

“தெரியும்.”

“நீ எதுவும் செய்ய வேண்டியதில்ல. அவரு வீடு, அவரு புள்ள.”

“அவ எங்கடி போவா, சொல்லு.”

நான் பாவாடையை விட்டேன். அவள் தாழை நீக்கிக் கதவைத் திறந்தாள். படிகளில் யாரும் இல்லை. ஈர முற்றம், சின்ன வீடு, சிவப்பு சோடா. கன்னிகா வாசற்படியில் மண்டியிட்டுத் தட்டை மார்பில் கைகளைக் குவித்தாள்.

“லம்துவான் அக்கா. கேக்காம எடுத்துட்டேன். பேர மாத்திச் சொல்லிட்டேன். அப்புறம் தூக்கியும் போட்டுட்டேன்.” குவித்த கைகளை நெற்றிக்கு உயர்த்தினாள். “இருக்கறதுக்கு எடம் இருக்கு. வா.”

காற்று அசையவில்லை. ஆனால் அவளுடைய ரவிக்கையின் இடது பக்கம், பஞ்சு வைத்த இடம், ஒருமுறை உள்ளே அமுங்கி வெளியே வந்தது.

தவளைகள் மறுபடி கத்தின.

*

முதல் மேடையில் கன்னிகா முழுப் பாட்டும் பாடினாள். அது ஒன்றைக் கொடுத்தார்கள், யார் கொடுத்தார்களோ. அதன் பிறகு இடது பக்கம் தடிக்க ஆரம்பித்தது. நான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒராசா ஸ்கேன் கருவியைத் தழும்பின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். திரையில் ஒரு வெள்ளை வளையம், நடுவில் கறுப்பு.

“உறை கட்டுது” என்றார். “ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. நீர் இல்ல, சீழ் இல்ல. நான் ரெண்டையும் என் கையால எடுத்தேன். உடம்பு வெறுமையைச் சுத்தி உறை கட்டாது.”

“எடுத்துடலாமா?” என்று கேட்டேன்.

“எதை எடுக்கறது?” என்றார் அவர். எரிச்சலோடுதான் சொன்னார். ஆனால் கருவியைத் துடைக்கும்போது தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்த இடத்தின் சூட்டை அவரும் உணர்ந்திருக்க வேண்டும்.

“எடுக்க வேணாம்” என்றாள் கன்னிகா.

இப்போது அவள் பின்பாட்டில் கடைசி ஆள். சின்ன வரிகள் மட்டும் பாடுகிறாள். வேறொரு பெண் முன்னால் நிற்கிறாள், நன்றாகப் பாடுகிறாள்.  படுக்கும்போது வலது பக்கம்தான் ஒருக்களித்துப் படுக்கிறாள், இடது பக்கத்தில் கைக்குழந்தை இருப்பது போல.

போன வாரம் ஒரு மதியம், மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மைக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. கம்பூன்.

“இப்ப வர்றதில்ல” என்றார்.

“நல்லதுதானே.”

“விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். வர்றதில்ல.”  பிறகு, “சொல்லிப் பழகிட்டிருக்கேன். வந்தா சொல்லிடலாம்னு. எங்க போச்சு அது?”

கன்னிகா எனக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவள் காலரில் மைக் மாட்டியிருந்தேன். காதுக் கருவியில் அவள் மூச்சு கேட்டது. அதன் பின்னால், ஒரு தப்படி தள்ளி, மற்றது.

என்ன நினைத்தேனோ தெரியாது. காதுக் கருவியைக் கழற்றிக் கைபேசியோடு சேர்த்துப் பிடித்தேன். கிழவர் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கைபேசியைக் கன்னிகாவின் நெஞ்சருகே கொண்டுபோனேன்.

“லம்துவான்” என்றார் கம்பூன்.

சின்னக் குரல். வயசானவர் முதல்முறையாகச் சொல்லும் ஒரு சொல்.

காதுக் கருவியை மறுபடி மாட்டிக்கொண்டேன். இரண்டு மூச்சுகளில் ஒன்று நின்றிருந்தது. கன்னிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை, வலி இருந்தது. கையை இடது பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

அவள் கைக்கு அடியில், உள்பக்கமிருந்து, ஒரு தட்டு.

பிறகு நகத்தால் ஒரு கீறல், மேலிருந்து கீழாக.